நாற்றம் தின்னும் கல்

மௌனிகா என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள், குழந்தை வாயைத் திறப்பதற்குள் அவசரப்பட்டு வைத்திருக்க வேண்டும். பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளிப் பஞ்சாயத்தின் கிழக்கு ஓரத்தில், கால்வாய்க் கரையை ஒட்டிய அந்தச் சின்ன ஊரில் அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆள் கிடையாது. ரேஷன் கடையில் அளவு குறைந்தாலும், வாய்க்காலில் தண்ணீர் விடத் தாமதமானாலும் முதலில் கேட்கிற குரல் அவளுடையதுதான். புருஷன் தங்கதுரை நேர் எதிர். இரண்டு ஏக்கர் நெல்லையும் நாலு மாட்டையும் தன் பங்குக்கு வைத்துக்கொண்டு, பேச்சு மொத்தத்தையும் பெண்டாட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்ட மனுஷன்.

இப்படிப்பட்டவள், எந்தத் தொழிற்சாலையின் கேட்டுக்கு முன்னால் பாய் விரித்து மறியல் செய்தாளோ, அதே தொழிற்சாலைக்குள் வேலைக்குப் போனாள். ஊர் சும்மா இருக்குமா? என்னென்னவோ சொன்னது. நடந்தது வேறு.

ஊருக்குக் கிழக்கே, தென்னந்தோப்பைத் தாண்டினால் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டை. அதன் விளிம்பில் நௌஃபலின் அச்சாலை. சிப்ஸ், மிக்சர், கேக் என்று கடையில் தொங்குகிற உறைகளெல்லாம் அச்சாகிற இடம். நௌஃபலின் அத்தா அலியார் ராவுத்தர் பாலக்காட்டுக் கடைத்தெருவில் வெறும் பிளாஸ்டிக் பை விற்றவர். மகன் காலத்தில் அது அச்சு இயந்திரங்களும் நாற்பது ஐம்பது ஆட்களுமாக வளர்ந்துவிட்டது. உறையில் மை காய வேண்டுமென்றால் அதிலிருக்கிற கரைப்பான் ஆவியாகிப் போக வேண்டும். ஆவியான சரக்கு எங்கே போகும்? புகைபோக்கி வழியாக வெளியே போகும். நகப்பூச்சு மாதிரி இனிப்பாக ஆரம்பித்து, நெற்றிப்பொட்டில் வலியாக முடிகிற நெடி அது.

ஆடிக்காற்றில் அது கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விடும். ஊருக்குத் தொல்லை இல்லை. கார்த்திகை பிறந்ததும் காற்று திரும்பும். வாளையாற்றுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று இரவு பகலாக அடிக்க ஆரம்பித்தால், அந்த நெடி முழுக்க இவர்கள் வீட்டு அடுக்களையில்தான் வந்து நிற்கும். பெண்களுக்குத் தலைவலி, பெரியவர்களுக்குக் கண்ணெரிச்சல். பக்கத்து வீட்டு ரஜீனாவின் மகன் இர்பானுக்கு மூச்சு இழுக்கும். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ரஜீனா விடிய விடிய உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் மௌனிகா பாயைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனாள். முதல் நாள் இரண்டு பேர்: அவளும் ரஜீனாவும். ஒரு வாரத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது.

நௌஃபல் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் அவனோடு சண்டை போடுவது சுலபமாக இருந்திருக்கும். பஞ்சாயத்து அலுவலகத்தில் கூட்டம் போட்டபோது, ஆவியை வெளியே விடாமல் உள்ளேயே சிதைக்கிற ஒரு கருவியை வைக்கிறேன் என்றான். யாரும் நம்பவில்லை. முன்வரிசையில் இருந்த கருப்புசாமி, ஊரில் நிறைய நிலம் உள்ள விவசாயி, எழுந்து நின்றார்.

“பெட்டி வெக்கறேன்னு சொல்லிப்போட்டு பெயின்ட் அடிச்ச தகர டப்பாவை வெப்பீங்க. உள்ள என்ன நடக்குதுன்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

நௌஃபலுக்கும் கோபம் வந்துவிட்டது. “நம்பிக்கை இல்லேன்னா உங்க ஆளு ஒருத்தர் வந்து அது பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கங்க!”

சும்மா வீசின பேச்சு. யாரும் பிடிக்க மாட்டார்கள் என்று நினைத்தான்.

“நான் வர்றனுங்க” என்றாள் மௌனிகா. “ஆனா ஒண்ணு. ஊருக்குள்ள நாத்தம் வந்துச்சுன்னா மிஷினை நானே நிறுத்துவேன். யாரையும் கேக்க மாட்டேன். அதுக்கு இத்தனை பேர் முன்னால ஒத்துக்கோணும்.”

அவன் ஒத்துக்கொண்டான். வேறு வழியும் இல்லை. ஊரும் ஒத்துக்கொண்டது, பெட்டியை நம்பி அல்ல, அவள் வாயை நம்பி. மௌனிகாவுக்கு அது நன்றாகத் தெரியும். சம்பளத்தையெல்லாம் விட அந்த நம்பிக்கைதான் அவளுக்குப் பெரிய சொத்தாக இருந்தது.

பெட்டி வந்தது. கருவியைச் செய்து கொடுத்த கோயம்புத்தூர் நிறுவனத்திலிருந்து அனுப்பிரியா என்ற இளம் பொறியாளர் வந்து, மௌனிகாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் காட்டினாள். பெட்டி ஒரு மினி லாரி அளவு. உள்ளே அடுக்கடுக்காகக் கற்கள். தேனடை மாதிரி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஓட்டை ஓட்டையான பீங்கான் கற்கள். ஓட்டைகளின் சுவரில் கரும்பழுப்பாக ஒரு பூச்சு.

“மாங்கனீசு, செம்பு, சீரியம்னு மூணு உலோகம். ஆக்சிஜனோட சேர்ந்த ஆக்சைடு.”

“இரும்பு ஆக்சிஜனோட சேந்தா துருன்னு பள்ளிக்கூடத்துல படிச்சேனுங்க. அப்ப இதுவும் துருங்களா மேடம்?”

அனுப்பிரியா சிரித்துவிட்டாள். “ஒரு வகையில துருதான்க்கா. ஆனா வேலை செய்யற துரு.”

அந்தத் துரு செய்கிற வேலையைக் கேட்டு மௌனிகா அசந்துபோனாள். கரைப்பான் ஆவியைச் சும்மா எரிப்பதென்றால் எழுநூறு, எண்ணூறு டிகிரி சூடு வேண்டும். அவ்வளவு எரிவாயுவுக்கு எங்கே போவது? இந்தக் கல்லின் மேல் பட்டால் முந்நூறு டிகிரி போதும். ஆவி வந்து பூச்சின் மேல் ஒட்டுகிறது. பூச்சு தன்னிடம் இருக்கிற ஆக்சிஜனை எடுத்து அதற்குக் கொடுக்கிறது. அது கிடைத்ததும் ஆவி சிதைந்து, நீராவியும் கரியமில வாயுவுமாகப் போய்விடுகிறது, நெடியே இல்லை. கொடுத்த இடத்தில் பூச்சில் ஒரு குழி விழும். காற்றிலிருக்கிற ஆக்சிஜன் வந்து அந்தக் குழியை நிரப்பிவிடும். பிறகு அடுத்த ஆவி.

மௌனிகா அதை அடுக்களைக் கணக்கில் போட்டுப் பார்த்தாள். “பக்கத்து ஊட்டுக்காரி கேட்டா நம்ம டப்பாவுல இருந்து காப்பித்தூளை அள்ளிக் குடுத்துப்போட்டு, அப்புறம் கடையில வாங்கி டப்பாவை ரொப்பி வெக்கற மாதிரிங்களா?”

“அதேதான்க்கா. டப்பா காலியாகவே ஆகாது. ஆனா எல்லா வேலையும் மேல் தோலுலதான் நடக்குது. இந்த ஒரு கல்லுல இருக்கற பொடிப்பொடி ஓட்டையெல்லாம் விரிச்சுப் போட்டா உங்க வயலை விடப் பெருசா வரும். அத்தனை தோல். அதை எது மூடினாலும் போச்சு. தூசி, எண்ணெய், கிரீஸ், சிலிக்கோன் பசை எதையும் கிட்டக் கொண்டு வராதீங்க.”

கடைசியாக இரண்டு எண்களைக் காட்டினாள். ஒன்று கல்லுக்கு முன்னால் காற்றின் சூடு, மற்றது கல்லைத் தாண்டியபின் சூடு. ஆவி சிதையும்போது அதுவே சூட்டைக் கொடுக்கும். அதனால் அச்சு ஓடும்போது பின்னால் இருக்கிற எண் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டும் நெருங்கினால் கல் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

அன்றிலிருந்து மௌனிகா அந்த இரண்டு எண்களையும் அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அச்சு ஓட்டுகிறவர்கள் அவளை ‘ஊரு ஸ்பை’ என்றார்கள். வெளியே சில பேர் ‘கம்பெனிக்காரி’ என்றார்கள். இரண்டு பக்கமும் திட்டு வாங்கினால் நடுவில் சரியாகத்தான் நிற்கிறோம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். இரண்டு கார்த்திகை வந்து போனது. கிழக்குக் காற்று வீசியது. வெறும் காற்றாக வீசியது. ரஜீனா ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்தாள். கருப்புசாமிகூட ஒரு தடவை டீக்கடையில், “பரவாயில்லை, நம்ம அம்மணி கெட்டிக்காரிதான்” என்றார். அதைத் தங்கதுரை வீட்டில் வந்து சொன்னபோது மௌனிகா காதில் விழாத மாதிரி இருந்துவிட்டு, அன்று பாயசம் வைத்தாள்.

மூன்றாம் வருஷம் ஆயுத பூஜை வந்தது.

கஞ்சிக்கோட்டில் ஆயுத பூஜை என்றால் லேசுப்பட்ட விஷயம் இல்லை. லேத் பட்டறையிலிருந்து இரும்பு உருக்கும் ஆலை வரை ஒவ்வொரு இயந்திரத்துக்கும் குளியல், சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. அலியார் ராவுத்தர் காலத்திலிருந்தே இவர்கள் ஆலையிலும் உண்டு. ராவுத்தர் பூஜைக்கு நிற்க மாட்டார். ஆனால் பொரியும் லட்டும் அவர் செலவு. சுற்றிப் போடுகிற பூசணிக்காயைக் கூட அவரே தட்டிப் பார்த்து வாங்கி வருவார். நௌஃபலும் அந்த வழக்கத்தை விடவில்லை.

எந்த இயந்திரம் அதிகமாகப் பளபளக்கிறது என்று ஆட்களுக்குள் ஒரு போட்டி எப்போதும் நடக்கும். அந்த வருஷம் மௌனிகா விடவில்லை. கோயம்புத்தூர் ரோட்டில் கார் சாமான் விற்கிற கடைக்குப் போய், காரின் உள்பக்கத்தைப் பளபளப்பாக்க அடிக்கிற ஸ்பிரே டப்பாக்களை அரை டஜன் வாங்கி வந்தாள். பெட்டியின் வெளித்தகரம் முழுக்க அடித்துத் துடைத்தாள். கதவு, பிடி, திருகாணி எதையும் விடவில்லை. ஆலை நின்றிருந்த நாள் ஆகையால், காற்று உள்ளே போகிற குழாயின் கதவையும் திறந்து, உள்சுவரையும் விசிறியின் இறக்கைகளையும் துடைத்தாள். சாமி கும்பிட்டபோது அவள் பெட்டியில் வாழைக்கன்றின் நிழல் தெரிந்தது. அச்சு ஓட்டுகிறவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

பூஜையோடு விட்டிருந்தால் ஒருவேளை தப்பித்திருக்கலாம். அவளுக்கு அந்தப் பளபளப்பு பிடித்துப்போய்விட்டது. சனிக்கிழமை தோறும் ஸ்பிரேயும் துணியுமாக உட்கார்ந்துவிடுவாள். பள்ளிக்கூடம் போகிற தன் மகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட மறந்தாலும் பெட்டியைத் துடைக்க மறந்ததில்லை.

கார்த்திகை பாதியில் தங்கதுரை ஒரு நாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னான்: “லேசா நாத்தம் வர்றாப்ல இருக்குது.”

“உங்களுக்கு மாட்டுச் சாணி நாத்தத்துக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாது” என்று அவன் வாயை அடைத்தாள்.

ஆனால் எண்கள் அவளுக்கும் தெரிந்தன. பின்னால் இருக்கிற எண் முன்போல் ஏறவில்லை. இந்த வாரம் சின்ன உறைதானே ஓடுகிறது, ஆவி குறைவாக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். அடுத்த வாரம் பெரிய உறை ஓடியது; அப்போதும் ஏறவில்லை. காற்றைச் சூடாக்கிக் கல்லுக்கு அனுப்புகிற ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். முன்னால் இருந்த எண்ணோடு சேர்ந்து பின்னால் இருந்ததும் ஏறியது, அவள் மனசும் நிம்மதியானது. நன்றாக இருக்கிற பிள்ளைக்கு என்ன வியாதி வரப்போகிறது என்று தாய் நினைப்பதில்லையா, அந்த மாதிரிக் குருட்டு நிம்மதி.

பிறகு ஒரு மாலை. வேலை முடிந்து கால்வாய்க் கரை வழியாக நடந்து வந்துகொண்டிருந்தாள். கிழக்குக் காற்று முதுகைத் தள்ளியது. நகப்பூச்சு நெடி. மௌனிகா நின்றுவிட்டாள். மூச்சை அடக்கி, மறுபடி இழுத்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. எதிரே ரஜீனாவின் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. எத்தனை நாளாகச் சாத்தியிருக்கின்றன என்று அவள் கவனிக்கவே இல்லை. 

வீட்டுக்குப் போகவில்லை. வந்த வழியே திரும்பி, கிட்டத்தட்ட ஓடினாள்.

ஆலைக்குள் கிறிஸ்துமஸ் கேக் உறைகள் ஓடிக்கொண்டிருந்தன. வருஷத்திலேயே வேலை அதிகமான மாதம். நௌஃபல் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

“நிறுத்தோணுங்க தம்பி.”

“என்னக்கா? ரெண்டு நாள்ல சரக்கு ஏத்தணும். காலையில அனுப்பிரியாவை வரச்சொல்றேன், பாத்துட்டு...”

“ஊருக்குள்ள நாத்தம் வருதுங்க. நான் யாரையும் கேக்க மாட்டேன்னு அன்னைக்கே சொன்னேன்.”

அவன் பதில் சொல்வதற்குள் அவள் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டாள். ஓடிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் சுருள் இழுபட்டு நின்றது. அந்த இரைச்சல் திடீரென்று அடங்கியதும், அங்கிருந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். சந்தோஷமாகப் பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. நௌஃபலின் முகம் சுருங்கியது. ஆனால் பொத்தானைத் திரும்ப எடுக்கச் சொல்லவில்லை. அதற்கு அவனுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

மறுநாள் அனுப்பிரியா வந்தாள். விசிறி சரி, ஹீட்டர் சரி, சூடு அளக்கிற கம்பி சரி. “மை மாத்துனீங்களா? பசை மாத்துனீங்களா?” எல்லாவற்றுக்கும் நௌஃபல் இல்லை, இல்லை என்று சத்தியம் செய்தான். அவள் பெட்டியின் கதவைக் கழற்றி ஒரு கல்லை உருவினாள். கரும்பழுப்பாக இருக்க வேண்டிய பூச்சின் மேல் மங்கலாக ஒரு வெண்மை படர்ந்திருந்தது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டே கல்லைக் கீழே வைத்து, எழுந்திருப்பதற்காகக் குழாய்க் கதவைப் பிடித்தாள். கை வழுக்கியது.

“என்னக்கா இது, இவ்வளவு வழுக்குது?”

அந்த நேரத்திலும் மௌனிகாவுக்கு ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. “நாந்தானுங்க மேடம். வாராவாரம் தொடைக்கறேன். உள்ளயும் தொடைப்பனுங்க. புதுசாட்டமே வெச்சிருக்கறேன் பாருங்க.”

“எதை வெச்சுத் தொடைக்கறீங்க?”

ஸ்பிரே டப்பாவைக் கொண்டு வந்து கொடுத்தாள். அனுப்பிரியா அதைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். பிறகு தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“இதுல இருக்கறதே சிலிக்கோன்தான்க்கா.”

“பசை இல்லீங்களே மேடம்...”

“பசையா இருந்தா என்ன, பாலீஷா இருந்தா என்ன. சூட்டுல ஆவியாகிக் காத்தோட உள்ள போகுது. கல்லு மேல பட்டு எரியும்போது, கண்ணாடி செய்யற மணல் இருக்குல்ல, அந்த மாதிரி மெல்லிசா ஒரு தோலாப் படிஞ்சிருது. பூச்சு அடியில அப்படியே இருக்குது. ஆனா ஆவி அதைத் தொடவே முடியாது.”

“கழுவுனா போயிராதுங்களா?”

“போகாதுக்கா. புதுக் கல்லுதான் மாத்தணும்.”

மௌனிகாவுக்கு அழுகை வரவில்லை. வெட்கம் வந்தது, அழுகையைவிடக் கொடுமையான சரக்கு அது. திருடன் வந்து கெடுத்திருந்தால் திட்டித் தீர்க்கலாம். முதலாளி ஏமாற்றியிருந்தால் பாய் விரிக்கலாம். தானே, ஆசை ஆசையாக, சனிக்கிழமை தவறாமல், துணியால் துடைத்துத் துடைத்துக் கெடுத்ததை எந்தக் கேட்டில் போய் உட்கார்ந்து கேட்பது?

“தப்பு எனக்கும் இருக்குதுக்கா” என்றாள் அனுப்பிரியா. “பசைன்னு சொன்னேன், கிரீஸ்னு சொன்னேன். ஆயுத பூஜைக்கு மிஷினுக்குப் பாலீஷ் போடுவீங்கன்னு எனக்குத் தோணவே இல்லை. கோயமுத்தூர்ல பொறந்துட்டு இதை யோசிக்காம விட்டிருக்கேன் பாருங்க.”

அவள் போன பிறகு நௌஃபல் மௌனிகாவைத் தனியாகக் கூப்பிட்டான். ஊரில் ஏற்கெனவே பேச்சு பற்றிக்கொண்டிருந்தது. முதலாளி பெட்டியை அணைத்துவிட்டு ஓட்டினானாம். மௌனிகாவையும் விலைக்கு வாங்கிவிட்டானாம். ஆர்டர் முடிகிற நேரத்தில் நிறுத்துகிற மாதிரி நாடகமாம். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம்.

“அக்கா, கல்லே மோசமான சரக்குன்னு சொல்லிரலாம். கம்பெனி மாத்தித் தருதுன்னு சொன்னா ஊரும் அடங்கிரும், உங்க பேரும் கெடாது.”

“கல்லு குடுத்த அந்தப் புள்ள பேரு?”

“அது யாருன்னு இங்க யாருக்குத் தெரியும்?”

 அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த யோசனை அவளுக்கு இனித்தது. ஒரே ஒரு பொய். நெடி அடிக்காத, யாருக்கும் நெஞ்சு இழுக்கவும் செய்யாத ஒரு பொய். விலை போனவள் என்கிற பேச்சு ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும்.

சனிக்கிழமை மாலை, வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பொய்யைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கல் மோசம் என்று சொல்கிறோம். புதுக் கல் வருகிறது. அச்சு ஓட்டுகிற ஆட்களுக்கு விஷயம் தெரியாது. அவர்களும் அவளைப் பார்த்து அதே ஸ்பிரேயை வாங்கி வைத்திருக்கிறார்கள். அடுத்த பூஜைக்கு மறுபடி அடிப்பார்கள். புதுக் கல்லும் சாகும். அப்போது என்ன சொல்வது, அந்தக் கல்லும் மோசம் என்றா? அதற்குள் கல் என்றாலே ஏமாற்று வேலை என்று ஊர் முடிவு கட்டியிருக்கும். தொழிற்பேட்டையில் வேறு எந்த ஆலைக்காரன் பெட்டி வைக்கிறேன் என்றாலும் காறித் துப்பும். நன்றாக வேலை செய்த ஒன்றை, தன் பேருக்காக மோசம் என்று சொல்வதா?

தங்கதுரை புல்லுக் கட்டைத் தூக்கிவிட வந்தான். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கட்டை அவள் தலையில் தூக்கி வைத்துவிட்டுச் சொன்னான்:

“நீ பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல. நாளைக்கு மட்டும் என்னத்துக்குப் பேசாம இருக்கோணும்?”

பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. வார்டு மெம்பர் நடுவில் உட்கார்ந்து, நாற்றம் ஏன் வந்தது என்று ஆலைக்காரர் விளக்கம் சொல்லட்டும் என்றார். நௌஃபல் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் மௌனிகா எழுந்து முன்னால் வந்துவிட்டாள். கையில் அந்த ஸ்பிரே டப்பா.

“கல்லு மேல குத்தம் இல்லீங்க. கல்லு செஞ்ச கம்பெனி மேலயும் இல்ல, தம்பி மேலயும் இல்ல. கெடுத்தது நானுங்க.”

 ஒன்று விடாமல் சொன்னாள். பூஜைக்கு டப்பா வாங்கினது, உள்ளே துடைத்தது, வாராவாரம் துடைத்தது, பூச்சின் மேல் கண்ணாடித் தோல் படிந்தது, எண்கள் நெருங்கினதைப் பார்த்தும் தனக்குத்தானே சமாதானம் சொல்லி ஹீட்டரைக் கூட்டினது. கடைசியாகச் சொன்னதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. தெரியாமல் துடைத்தது ஒரு தப்பு; தெரிந்தும் நம்பாமல் இருந்தது இன்னொன்று. இரண்டையும் சேர்த்தே சொன்னாள்.

“புதுக் கல்லு வர்ற வரைக்கும் மிஷின் ஓடாதுங்க. ஓட்டுனா கேட்டுல மொதல்ல நான் உக்காருவேன். இந்த டப்பா இனிமே ஆலைக்குள்ள வரக்கூடாது. அச்சு ஓட்டறவங்க இங்கயே இருக்கீங்க, எல்லாரும் பாத்துக்குங்க, இதுதான்.”

 மண்டபத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ரஜீனா எழுந்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஒரு மாசமா எம் மவன் மூச்சு விட முடியாம கெடக்கறான். நீ உள்ள இருக்கறேங்கற தைரியத்துல நான் வேற காரணம் தேடி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சேன், மௌனி. நீ தகரத்தைப் பளபளன்னு தேச்சுக்கிட்டு இருந்திருக்க.”

  மௌனிகா தலை குனியாமல் நின்று கேட்டுக்கொண்டாள்.

அவளை அந்த வேலையிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஒரு குரல் வந்தது. மெம்பர், சரி, கை தூக்குங்கள் என்றார். நிறையக் கைகள் எழுந்தன. அவள் எண்ணிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. அப்போது கருப்புசாமி எழுந்து நின்றார். முதல் கை அவருடையதாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

“கொஞ்சம் கையை எறக்குங்க. நாத்தம் வந்தப்ப நாம என்ன பண்ணுனோம்? மூக்கைப் பொத்திக்கிட்டு டீக்கடையில பேசுனோம். மிஷினை நிறுத்துனது இந்தப் புள்ள. கெடுத்தது யாருன்னு இன்னைக்கு நமக்குத் தெரியும், அதுவும் இவ சொல்லித்தான் தெரியும். இவளை எடுத்துப்போட்டு வேறொருத்தனை உக்கார வெச்சா, அவன் பண்ற தப்பை நம்மகிட்ட யாருங்க வந்து சொல்லுவாங்க?”

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. நௌஃபல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு கை மட்டும் கடைசி வரை இறங்கவில்லை. அது ரஜீனாவின் கை.

மௌனிகா வேலையில் நீடித்தாள். மற்றவர்கள் மன்னித்தது அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அந்த ஒரு கைதான் சோற்றைப் பிசையும்போதும் புல் அறுக்கும்போதும் கண் முன்னால் நின்றது. அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை. அந்தக் கை சொன்னது நியாயம்.

கேக் உறை ஆர்டர் வேறு ஆலைக்குப் போனது. கிறிஸ்துமஸ் முடிந்து, தையும் பிறக்கப் போகிற சமயத்தில் புதுக் கற்கள் வந்தன. அதற்கு முன்பே மௌனிகா ஆட்களைச் சேர்த்துக்கொண்டு குழாய், விசிறி, அச்சு இயந்திரம் எல்லாவற்றையும் அனுப்பிரியா சொன்ன கரைசலால் தேய்த்துக் கழுவியிருந்தாள். பளபளப்பு மொத்தமும் போய்ப் பெட்டி வெளிறிக் கிடந்தது. அவளும் அனுப்பிரியாவுமாகக் கற்களை அடுக்கினார்கள். அச்சு ஓட ஆரம்பித்தது. முன்னால் இருந்த எண் முந்நூறில் நின்றது. பின்னால் இருந்த எண் மெதுவாக ஏறியது, இன்னும் ஏறியது. அனுப்பிரியா அவள் தோளைத் தட்டினாள். மௌனிகா சிரிக்கவில்லை.

“எண்ணைப் பாத்து நான் ஒருக்கா ஏமாந்துட்டனுங்க மேடம்” என்று சொல்லிவிட்டு வெளியே கிளம்பினாள்.

கிழக்குக் காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. கால்வாய்க் கரையில் அவள் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. தன் மூக்கையும் அவள் இப்போது நம்புவதாக இல்லை. நேராக ரஜீனாவின் வீட்டுக்குப் போனாள். கூட்டத்துக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. வாசலில் நின்று கூப்பிட்டாள்.

“ரஜீனா, கொஞ்சம் வெளிய வா. வந்து மோந்து பாத்துச் சொல்லு.”

இரண்டாம் தடவையும் கூப்பிட்டாள். பிறகு கதவு திறந்தது. ரஜீனா முந்தானையால் கையைத் துடைத்தபடி முற்றத்துக்கு வந்து, காற்று வரும் பக்கமாக நின்று, மூச்சை நன்றாக இழுத்தாள். இரண்டு தடவை இழுத்தாள். 

“இன்னைக்கு இல்ல” என்றாள் ரஜீனா. “நாளைக்கு?”

“நாளைக்கும் வந்து கேக்கறேன்.”

“வேலை செய்யுதுன்னு சொல்லிப்போட்டு நின்னுறக் கூடாது.”

“நிக்க மாட்டேன். காத்து திரும்பற வரைக்கும் தெனமும் வருவேன். நீ இல்லேன்னு சொன்னாத்தான் நான் ஊட்டுக்குப் போவேன்.”

ரஜீனா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாளும் மௌனிகா போனாள். அதற்கு மறுநாளும் போனாள். சில நாள் கதவைத் திறக்காமலே உள்ளிருந்து “இல்ல” என்று ஒரு குரல் மட்டும் வரும். அவளுக்கு அது போதாது. வெளியே வந்து மோந்துதான் சொல்ல வேண்டும் என்று வாசலிலேயே நிற்பாள். “இவளோட ரோதனையா இருக்குது” என்று திட்டிக்கொண்டே ரஜீனா வருவாள்.

மாசி பிறந்து ஒரு மாலை, ஆலையில் வேலை நீண்டு, மௌனிகா வர இருட்டிவிட்டது. இவ்வளவு நேரத்துக்கு மேல் கூப்பிட வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கரையில் திரும்பினாள். ரஜீனா இர்பானை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னல்கள் இரண்டும் திறந்திருந்தன.

“எங்கடி போன இவ்வளவு நேரம்?” என்றாள். “நான் அப்பவே மோந்து பாத்துட்டேன். இல்ல. போய்ச் சாப்பிடு.”